பிழைத்தவை சொல்லும் சாட்சி

"சாகாம நிக்கது எதெல்லாம்க்கா?"

நாகர்கோவிலில் வீடுவீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் அந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி இது. வீட்டுக்கார அம்மா செத்த மீன்களை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "அத பொறவு பாப்போம். உள்ள உசுரோட யாரு இருக்கான்னு மொதல்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் போல வாயே திறக்கவில்லை.

நாலடித் தொட்டி. ஒரு வாரத்துக்குள் இரண்டு கோமாளி மீன்களும் மூன்று நீல டாம்சல்களும் செத்திருந்தன. மிஞ்சியவை ஒரு கோமாளி மீன், இரண்டு இறால், சங்குக்குள் குடியிருக்கும் சில நண்டுகள். அந்த ஒற்றை மீன் மேல்மட்டத்தில், ஃபில்டர் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் நின்று செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

கடல்மீன் தொட்டியில் ஏன் சாவு விழுகிறது என்று கண்டுபிடிப்பது இவரது தொழிலில் பாதி. காரணம் தெரியாத சாவு என்று மற்றவர்கள் விட்டுவிடுகிற இடத்தில்தான் இவர் வேலையைத் தொடங்குகிறார். அவரோடு சில வீடுகளுக்கும் கடற்கரைக்கும் போய்வந்ததில் நான் தெரிந்துகொண்டது, செத்த மீனைவிடப் பிழைத்த உயிர்தான் நல்ல சாட்சி என்பது.

இறாலும் நண்டும் செத்து மீன் நன்றாக இருந்தால் செம்பின் மேல் சந்தேகம் விழும். வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. மீன் தாங்கும் அளவை இறால் தாங்காது. நேர்மாறாக, இறாலும் நண்டும் சுறுசுறுப்பாகத் திரிய, மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போனால் நோய். வெண்புள்ளி ஒட்டுண்ணியும் அதைவிடக் கொடிய வெல்வெட் நோயின் ஒட்டுண்ணியும் மீனைத்தான் பிடிக்கும். வெல்வெட் வந்தால் இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். ராத்திரி நன்றாக இருந்த மீன்கள் விடியும்போது மிதந்தால், அதிலும் பெரியவையே முதலில் போயிருந்தால், பிராணவாயுக் குறைவு. இதில் கடல் தண்ணீருக்கு இயல்பாகவே ஒரு பாதகம் உண்டு: 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும், கடல் தண்ணீரோ 6 மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகத்தான். இரவில் கரண்டு போய் ஏர் பம்பு நின்றுவிட்டால் நிறைந்த தொட்டிக்குச் சில மணி நேரமே அவகாசம்.

இந்த வீட்டில் மீனின் உடம்பில் புள்ளியோ மாவு படிந்தது போன்ற பூச்சோ இல்லை. இறால்கள் உயிரோடு இருந்தாலும் கல்லிடுக்கை விட்டு வெளியே வரவில்லை. மருந்து எதுவும் ஊற்றவில்லை, கரண்டும் போகவில்லை என்றார் அம்மா. இளைஞர் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மோனியா இல்லாவிட்டால் எலுமிச்சை மஞ்சளாகவே நின்றிருக்கும். எங்கள் கண்ணெதிரே அந்த மஞ்சள் அடியிலிருந்து மெல்லப் பச்சையாகி, ஐந்து நிமிடத்தில் முற்றிய இலையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஃபில்டரு எப்போக்கா கழுவினீங்க?"

"அவிய லீவுக்கு வந்தாவ தம்பி. ஒரே அழுக்கா இருக்குன்னு எல்லாத்தையும் எடுத்து பைப்பு வெள்ளத்துல தேச்சுக் கழுவுனாவ. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டுல்லா போனாவ."

"அதாக்கும் காரியம்."

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரின் பஞ்சிலும் வளையங்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கிவிடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருகி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு அதில் லேசாக அலசியிருந்தால் போதும், மீன்கள் பிழைத்திருக்கும். கடல்மீன் தொட்டியில் இதன் தண்டனை இன்னும் கடுமை. கடல் தண்ணீரின் காரத்தன்மை (pH) 8.2 அளவில் நிற்பதால், அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு, காரத்தன்மை 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

அவர் மருந்து எதுவும் தரவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினார். தன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்த பழைய வளையங்களை ஃபில்டரில் போட்டார். இரண்டு நாள் இரை போடக் கூடாது, தினமும் சோதித்து எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாற்றும் தண்ணீரைக் கொண்டுவருவதும் தனி வேலை. பாக்கெட் உப்பு வாங்கிக் கரைப்பது இங்கே பலருக்குக் கட்டுப்படியாகாது, கடலும் பக்கத்தில்தான். ஆனால் கரையில் நின்று கேனை முக்கி எடுப்பது ஆபத்து. துறைமுகத்துக்குள் டீசல் படலம் மிதக்கும். மழைக்காலத்தில் மணக்குடிப் பொழி வழியாகப் பழையாற்று வெள்ளம் கடலில் கலக்கும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. வருஷத்தில் பல மாதங்கள் கரைத் தண்ணீரை நம்ப முடியாது. அதனால் இவர் பழக்கமான மீனவர்களிடம் கேன்களைக் கொடுத்துவிடுகிறார். தொழிலுக்குப் போய்த் திரும்பும்போது ஆழத்தில் நிரப்பிக் கொண்டுவருகிறார்கள். படகு கரை சேர்ந்ததும் கேனிலிருந்து ஒரு சொட்டை உப்புமானியின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார். என்னிடமும் தந்தார். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 35-ல் நின்றது. கேனை மூடி, இருட்டான டிரம்மில் சில வாரம் ஊற வைத்து, வண்டல் படிந்த பிறகுதான் எடுப்பாராம்.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் மாதங்களில் வேறொரு சிக்கல் வரும். காற்று தொட்டித் தண்ணீரை உறிஞ்சிவிடும். உப்பு அப்படியே உள்ளே தங்கும். குறைந்ததை ஈடுகட்டக் கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் கோடு 40-ஐத் தாண்டி நின்றதைப் பார்த்தேன். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர்.

இதே விசாரணை கடலிலும் நடக்கிறது. 2004 செப்டம்பரில் கொல்லத்துக்கும் விழிஞ்சத்துக்கும் இடையே மீன்கள் செத்து ஒதுங்கின; நாற்றத்தில் கரையோரக் குழந்தைகளுக்குக் குமட்டலும் மூச்சுத்திணறலும் வந்தன. நுண்பாசிப் பெருக்கத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. 2019-ல் மண்டபம், பாம்பன் பகுதியில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது; பிராணவாயு குறைந்து மீன்கள் செத்தன. அங்கும் தண்ணீரைச் சோதித்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள்.

வாங்கி வந்த அன்றே சாகும் மீன்களின் கதை வேறு. அடைத்த பையில் மீன் விடும் கரியமில வாயு காரத்தன்மையைக் குறைத்துவிடும். அதனால் பைக்குள் சேர்ந்த அம்மோனியா நச்சாகாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், அம்மோனியா நச்சாக மாறும். மீனைப் பழக்குகிறோம் என்று மணிக்கணக்கில் திறந்த பையிலேயே விட்டு வைப்பவர்கள் அதை விஷத்தில் வைத்திருக்கிறார்கள். நெடுந்தூரம் வந்த மீன் என்றால், பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, இரண்டு தண்ணீரின் உப்பும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, திறந்த சில நிமிடங்களில் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுவதே இவரது வழக்கம். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

குஞ்சு பொரித்து வளர்த்த மீனாக வாங்குங்கள் என்றும் இவர் வற்புறுத்துகிறார். எல்லைக்கு அப்பால் விழிஞ்சத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. முட்டையைப் பெற்றோர் ஒரு வாரம் காவல் காத்து, இருட்டிய பின் குஞ்சு பொரிக்கும் மீன் அது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததால் தொட்டி வாழ்க்கையைத் தாங்கும். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் செத்தால் உடனே மருந்து ஊற்றாதீர்கள். எது செத்தது, எது பிழைத்தது, எந்த நேரத்தில், அதற்கு முந்தைய வாரம் தொட்டியில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மோனியாவையும் உப்பையும் சோதியுங்கள். காரணம் தெரிகிற வரை அடுத்த மீனை வாங்காதீர்கள்.