புள்ளி நிற்கும் இடம்

இசையை எழுதுவது என்பது காதுக்குரியதைக் கண்ணுக்குரியதாக மாற்றும் வேலை. எழுதிவிட்ட பிறகு ஒலியின் பொறுப்பு, குறிகள் நிற்கும் இடத்தைச் சார்ந்துவிடுகிறது. ஸகரத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. அடியில் வைத்தால் மந்தர ஸ்தாயி. புள்ளியே இல்லையெனில் மத்திய ஸ்தாயி. வலிவு, மெலிவு, சமன் என்று பழந்தமிழ் இசைமரபு வகுத்த மூன்று நிலைகளையும் இன்றைய சுவரத்தாளில் ஒரு புள்ளியே வேறுபடுத்துகிறது.

கோவையில் ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், தாம் மெட்டமைத்த தமிழ்ப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். மை மங்கிவிட்டது, தாள் மடிப்பில் உடைகிறது. முழுப்பாட்டையும் பாடிக்காட்ட அவருக்குக் குரல் ஒத்துழைப்பதில்லை. அவரிடம் பயின்றவர்களுள் எவரும் அவற்றை முழுமையாகப் பாடம் செய்திருக்கவுமில்லை. ஏடுகள் அழிந்தால் மெட்டுகளும் அழியும். தமிழ்த்துறையில் பணிபுரியும் நாங்கள் இருவர் அவற்றைக் கணினியில் ஏற்ற முன்வந்தோம்.

முதல் இடர்ப்பாடு எங்கள் துறைக்குள்ளிருந்தே வந்தது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து இலக்கணம். ஆகவே தமிழில் மேல் ஸ்தாயி ஸகரமும் 'ஸ்' என்னும் மெய்யும் பார்வைக்கு ஒன்றாகிவிடுகின்றன. தட்டச்சில் உதவிய மாணவர் ஒருவர் அவற்றை மெய்யென்றே படித்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "அது எழுத்துப் புள்ளி இல்லைங்க, மேல் ஷட்ஜமுங்க" என்றார். ஸ்தாயிப் புள்ளிக்கெனத் தனிக்குறியை இட்டாலோ, எழுத்துருவை மாற்றியதும் அது தலையைவிட்டு நழுவி, அடுத்த சுவரத்தின்மேல் போய் நின்றது. பாடுபவர் அதை நம்பினால் வேறொரு சுவரம் மேலே ஏறிவிடும்.

மேலைநாட்டு ஐந்துகோட்டு முறைக்கான மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருள்களில் நிலைமை வேறு. அங்கே ஒரு சுவரத்தை மேலோ கீழோ இழுத்தால் சுருதி மாறும். பக்கவாட்டில் நகர்த்தினால் தோற்றம் மட்டுமே மாறும், காலம் மாறாது. அழகுக்கான இடமும் பொருளுக்கான இடமும் அங்கே பிரிந்திருக்கின்றன. அந்த முறைக்கே போய்விடலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் தோடியின் காந்தாரம் ஒரு கோட்டில் அமர்ந்திருப்பதில்லை. இந்த அசைவுகளைத் தாளில் நிறுத்தத்தான் சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில், ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறிகளைச் சுவரங்களோடு சேர்த்துத் தந்தார்.

நாங்கள் கண்ட வழி எளியது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் நந்நான்காகப் பகுத்து, ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 கட்டங்கள் அமைத்தோம். ஒரு கட்டத்துக்கு ஒரு சுவரம், அல்லது அதன் நீட்சியைக் காட்டும் காற்புள்ளி. ஸ்தாயிப் புள்ளிகளுக்கு மேலும் கீழும் ஒடுங்கிய தனி வரிசைகள். சாகித்தியத்துக்கு அடியில் இன்னொரு வரிசை. இனி எழுத்துரு மாறினாலும் புள்ளி தன் கட்டத்தைவிட்டு நகராது. அச்சிட்ட முதல் தாளைப் பெரியவர் தொடையில் தாளமிட்டபடி கட்டம் கட்டமாகப் பார்த்தார். ஒரே ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு காற்புள்ளியைக் கூட்டச் சொன்னார். ஏட்டில் இல்லாத அந்தக் கார்வை அவர் நினைவில் இருந்தது. எழுத்து முழுமை பெற ஆசிரியர் உயிரோடிருக்க வேண்டியிருந்தது.

இவ்வாறு கட்டம் வகுக்கும் வேலை கொங்குநாட்டுக்குப் புதியதன்று. ஈரோட்டை அடுத்த அறச்சலூரில், நாகமலைக் குகைப்பாறையில், கி.பி. முதற்சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. த, தா, தை, தே என்னும் ஒலிகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் நிற்கின்றன. இடமிருந்து வலமாகவும், வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் அதே அடைவுதான் வரும். ஓர் எழுத்து இடம் மாறினால் அமைப்பே குலையும். அவற்றைச் சேர்த்தமைத்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்கேயே பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணக்கன் என்பான் நாணயமும் மணியும் நோட்டம் பார்ப்பவன். அவன் எழுத்துகள் இன்றும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. எந்த நடையில், எந்தக் கார்வையில் அவற்றைச் சொன்னார்கள் என்று சொல்லித்தர மட்டும் எவருமில்லை. பெரியவரின் ஏடுகளில் இன்னும் பதினான்கு பாடல்கள் மீதமிருக்கின்றன. ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறோம்.