ஒத்து ஊதியவர்

'ஒத்து ஊதுதல்' என்னும் தொடரைத் தமிழர் எவரும் பாராட்டாகச் சொல்வதில்லை. தனக்கென ஒரு கருத்தின்றி, மேலிருப்பவர் கூறுவதற்கெல்லாம் ஆமெனத் தலையசைப்பவனையே அவ்வாறு பழிக்கிறோம். நடுவண் அரசு அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதிவரும் எமக்கு இத்தொடர் புதிதன்று; நேருக்கு நேராகவும் கேட்டிருக்கிறோம். ஆயினும் அதன் மெய்ப்பொருள், நாற்பத்தாறாம் வயதில், தில்லியில், ஒரு பேஸ் கிட்டாரின் வழியாகவே எமக்கு விளங்கிற்று. அன்பர்கள் நகைக்கக்கூடும். யாமும் தொடக்கத்தில் நகைத்தவர்களே.

எம் மகன் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது ஆறு தந்திக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேஸ் கிட்டாரைக் கட்டிலின் கீழ் விட்டுச் சென்றான். அவனுக்குப் பாடம் சொன்ன இளைஞர் ஷில்லாங்கைச் சேர்ந்தவர். மீதமிருந்த கட்டணத்தைக் கொடுக்கச் சென்ற எம்மிடம், "கருவி சும்மா கிடக்கலாகாது, அங்கிள், நீங்களே வாசியுங்களேன்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, அடுத்த ஞாயிறே யாம் அவருடைய மாணவரானோம்.

பேஸ் கிட்டாருக்குத் தடித்த தந்திகள் நான்கு. ஈ, ஏ, டி, ஜி எனத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததை நோக்கிச் செல்லும் அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் சுத்த மத்திமமாக அமையும். கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கும். ஒலிக்கும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த இசைஞர்களுக்கு மாற்றாக, அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் மெட்டுகள் பதித்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். மெட்டு இருப்பதால் சுரம் பிசகாது என்பதே அப்பெயரின் கருத்து. விரல் பிசகாது என்று அவர் உறுதி கூறவில்லை. முதல் மாதத்தில் எம் இடக்கைச் சுண்டுவிரல் தனக்குரிய மெட்டை எட்டவேயில்லை. தந்தியை மீட்டிய வலக்கை விரல்களின் நுனியில் கொப்புளம் எழுந்து, அலுவலகத்தில் பேனா பிடிப்பதே துன்பமாயிற்று.

முதலில் கற்றது ஐந்து சுர வரிசை. மேலைநாட்டார் அதனைப் பென்டடோனிக் ஸ்கேல் என்பர். தாழ்ந்த தந்தியில் 5, 8 ஆகிய மெட்டுகள். அடுத்த மூன்று தந்திகளிலும் 5, 7. தந்திக்கு இரண்டே சுரம். 'ஏ'யை ஆதாரமாகக் கொண்ட மைனர் பென்டடோனிக் அவ்வளவுதான். அலுவலகக் கோப்பெண்களைப் போல அவற்றை இலக்கங்களாகவே ஒரு வாரம் மனனம் செய்தோம். எட்டாம் நாள் மாலை, விரல்கள் தாமாக ஓடியபோது திடுக்கிட்டோம். ஸ, க, ம, ப, நி. கையில் ஒலித்துக்கொண்டிருந்தது சுத்த தன்யாசி!

ஐந்து சுரங்களால் ஆனதைத் 'திறம்' என்பது பழந்தமிழ் இசை வழக்கு. அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் மாற்றினால் வேறு இராகம் பிறக்கும். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. ஊர்க்கோயிலில் கேட்டுப் பழகிய இந்த ஐந்தையும் ஆசிரியரிடம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக் காட்டினோம். பெருமை எமக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுரங்கள் ஒன்றும் மாறவில்லை, அங்கிள். அடியில் எது நிற்கிறது என்பதுதான் மாறுகிறது. பாட்டில் அதைச் சொல்வது பேஸ்" என்றார்.

அடுத்த பாடம் 'ஃபில்', அதாவது நிரப்பு. நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தங்கள் நான்கு எனக் கொள்வோம். முதல் மூன்றிலும் டிரம்ஸின் மிதிமுரசோடு ஒட்டி ஆதார சுரத்தையே வாசிக்க வேண்டும். நான்காவதன் கடைசி இரண்டு எண்ணிக்கையில் மட்டும் ஐந்து சுரங்களுள் சிலவற்றைக் கோத்து ஓடி, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் எண்ணிக்கையில் மீண்டும் ஆதாரத்தில் வந்து இறங்க வேண்டும். மிருதங்க வித்துவான் தீர்மானம் வைத்துச் சமத்தில் சேர்வதைப் போன்றது இது. யாமோ, கற்ற சுரங்களைக் கண்ட இடத்திலெல்லாம் கொட்டி நிரப்பினோம். ஆசிரியர் கையுயர்த்தி நிறுத்தினார். "ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் எண்ணிக்கையில் வீட்டில் ஆளே இல்லையே!" என்றார்.

வீட்டுப்பாடமாக அவர் கேட்கச் சொன்னவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனப் பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர். வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரலாலேயே மீட்டியவர். 1964-இல் பதிவான 'மை கேர்ள்' பாடலின் தொடக்கத்தில் அவர் ஆதாரத்தை ஊன்றி நிற்க, அதன்மீது ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ஸ, ரி, க, ப, த, ஸ என மோகனத்தின் ஆரோகணமாகவே ஏறுகிறது. கேட்போர் நெஞ்சில் நிற்பது ஏறுகின்ற கிட்டார். அதனைத் தாங்கும் பேஸை யாரும் முணுமுணுப்பதில்லை. அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளில் இசைஞர் பெயர்களை அச்சிடும் வழக்கமும் அப்போது இல்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. 1983-இல் அவர் மறைந்தார்.

அதன்பின் மூன்று மாதங்கள் ஆசிரியர் எம்மை எதையும் நிரப்ப விடவில்லை. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60, ஒரே சுரம், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்றை ஒழுங்காக வாசிப்பது ஐந்தை வாசிப்பதினும் கடிது என்று கண்டோம். அவ்வாறு ஒற்றைச் சுரத்தோடு போராடிக்கொண்டிருந்த ஓர் இரவில், எம் பெரியப்பாவின் கன்னங்கள் நினைவில் எழுந்தன.

பெரியப்பா தஞ்சை வட்டாரத்தில் நாகசுரக் குழுவொன்றில் ஒத்து ஊதியவர். ஒத்து, பார்வைக்கு நாகசுரம் போன்றதே. ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கு இல்லை. கீழ்ப்பகுதியிலுள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பர். பிறகு ஒரே சுரம்தான். கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இழை அறாமல் ஊத வேண்டும். ஒத்தும் பேஸும் ஒன்றென்று யாம் கூறவில்லை. ஒத்து இருந்த இடத்திலேயே நிற்பது. பேஸ் நடந்து திரும்புவது. ஆயினும் பிறர் ஊன்றி நிற்க இடம் தருவது இரண்டுக்கும் பொதுவான தொழில்.

1993-ஆம் ஆண்டு, எமக்குப் பதினைந்து வயது. கோயில் திருவிழாவில் பள்ளித் தோழர்களோடு நின்றிருந்தோம். தீவட்டி வெளிச்சத்தில் புடைத்து நின்ற பெரியப்பாவின் கன்னங்களைச் சுட்டி ஒருவன் தவளை என்றான், மற்றவர் சிரித்தனர். "உன்னைப் பார்த்துத் தலையசைக்கிறாரே, யாரடா அவர்?" என்று அவன் கேட்டான். "தெரியாது" என்றோம். மூன்றடித் தொலைவு, அவர் காதில் விழாதிருக்க வழியில்லை. முகம் மாறக்கூட அவருக்கு இடமில்லை. மாறினால் காற்று அறும், காற்று அறுந்தால் சுருதி அறும். எம்மைப் பார்த்தபடியே ஊதிக்கொண்டிருந்தார். நள்ளிரவில் வீடு திரும்பியவர், வழக்கம்போல் சுண்டல் பொட்டலத்தை எம் தலையணையருகே வைத்தார். "சாப்பிட்டுவிட்டுப் படு, தம்பி" என்றதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எம் தந்தையிடமும் அவர் கூறவில்லை.

சில ஆண்டுகளில் அக்குழுவில் மின்சுருதிப் பெட்டி வந்தது. பெரியப்பா வீட்டோடு இருந்தார். ஒரு நாள் வீதியுலாவின் நடுவே அப்பெட்டி நின்றுவிட, நாகசுர வித்துவான் வாசிப்பை நிறுத்தி, பழக்கத்தால் பின்னே திரும்பிப் பார்த்தாராம். பார்த்த இடத்தில் யாருமில்லை. இதனை எம் தந்தை சொல்லக் கேட்டபோது யாம் பணி கிடைத்துத் தில்லிக்கு வந்துவிட்டோம். 2004-இல் பெரியப்பா காலமானார். விடுப்புக் கிடைத்து ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் பதினோராண்டுகள் இருந்தன, யாம் கேட்கவில்லை.

சென்ற தீபாவளி விடுமுறைக்கு மகன் வந்திருந்தான். அவன் கிட்டாரில் மனம்போனவாறு ஐந்து சுரங்களில் உலவ, யாம் அடியில் ஆதாரத்தைப் பற்றி நின்றோம். மூன்று ஆவர்த்தம் நின்று, நான்காவதன் இறுதியில் சிறியதொரு நிரப்பு. பிறகு முதல் எண்ணிக்கையில் இறக்கம். அவன் எம்மை ஒருமுறையும் நோக்கவில்லை. தொலைபேசி ஒலித்ததால் யாம் கைநிறுத்திய கணத்தில், அவன் விரல்களும் தடுமாறி நின்றன, திரும்பிப் பார்த்தான். "என்னப்பா, ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றான்.

யாம் தொலைபேசியை எடுக்கவில்லை. அவனை அருகில் அமர்த்தி, 1993-ஆம் ஆண்டுத் திருவிழாவைப் பற்றி ஒன்றும் மறையாமல் கூறினோம். அன்று ஒரு தோழன் கேட்ட கேள்விக்குரிய விடையை அவனிடம் முதலில் சொன்னோம்; இன்று இம்மலரிலும் எழுதி வைக்கிறோம். ஒத்து ஊதிய அவர், எம் பெரியப்பா.