ராரிடன் ஆற்றில் ஒரு சுழல்பாலம்

நியூஜெர்சியின் சவுத் அம்பாயில் குடியேறியபோது, ரயில் நிலையம் நடந்து போகும் தூரம் என்பது மட்டும்தான் எங்கள் கணக்கில் இருந்தது. பாலத்தைப் பற்றி யோசிக்கவில்லை. நியூயார்க் போகும் ரயில் கிளம்பியதும் ராரிடன் ஆற்றைக் கடக்கும். நடு ஆற்றில் தடக்கென்று ஒரு சத்தம் வரும்; கொஞ்ச தூரம் இரும்பு முழங்கும்; மறுபடி ஒரு தடக். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் சுழலும்.

பாலம் 1908-ல் நீராவி எஞ்சின்களுக்காகக் கட்டியது. படகு வந்தால், நடுத்தூணின் மேல் அந்தப் பெரிய இரும்புச் சட்டகம் மெல்லத் திரும்பி, ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் நிற்கும். இருபுறமும் வழி திறக்கும். திரும்பி வரும்போது இரு முனைகளிலும் தண்டவாளங்கள் நூல் பிடித்தாற்போல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரயில் போக முடியாது.

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கரையேறியது. பௌர்ணமி, கடல் ஏற்றம் வேறு. மின்சாரம் போய்விட்டது. பக்கத்துச் சாண்டி ஹூக்கில் கடல்மட்டம் அளக்கும் கருவியே அன்றிரவு செயலிழந்தது. விடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். கட்டைகளும் பெயர்ந்த படகுத்துறைப் பலகைகளும் சேற்றில் கிடந்தன. பாலம் நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, பாலத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆற்றுக்குள் ஏறிவந்த கடலும் அது அடித்துவந்த பொருள்களும் மோதியதில், சட்டகம் இடம் பிசகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத பிசகு. அதற்கே ஏறக்குறைய மூன்று வாரம் ரயில் அந்த ஆற்றைக் கடக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் எங்களுக்குப் பெரும்பாடு. பெட்ரோலுக்கு வண்டி எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பார்த்து முறை வைத்தார்கள். இருட்டில் எழுந்து பேருந்துக்கு வரிசையில் நின்றேன். நவம்பர் 7-ல் பனியும் கொட்டியது. ஒரு தண்டவாள முனையை நம்பித்தான் எங்கள் ஊரின் காலைப்பொழுதே ஓடியது என்று அப்போதுதான் உறைத்தது.

ரயில் திரும்ப ஓடிய முதல் நாள், பெட்டியில் யாரும் பேசவில்லை. முதல் தடக் கேட்டது. இரண்டாவது தடக் கேட்டதும், எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் கண்ணை மூடி மூச்சுவிட்டார். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன்.

அதில் தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, பாலம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதினேன். சனிக்கிழமைகளில் படம் எடுத்தேன்: தூணில் நீர் ஏறி இறங்கிய கறை, துருவேறிய ஆணித்தலைகள், படகுக்காகத் திரும்பி நிற்கும் சட்டகம். பொறியாளர்களின் ஆவணங்களில் அளவுகள் இருக்கும். கறை எந்த உயரத்தில் இருந்தது என்பதை அங்கே வாழ்ந்தவர்கள்தான் குறித்து வைக்க வேண்டும்.

2020-ல் பக்கத்திலேயே புதுப் பாலத்தின் வேலை தொடங்கியது. புதியது சுழலாது, நடுப்பகுதி நேர் மேலே தூக்கப்படும். நீர்மட்டத்திலிருந்து இன்னும் உயரத்தில் இருக்கும்படி வடிவமைத்தது. அது வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய பாலத்தைப் படம் பிடித்தவர்கள், குறிப்பாக 2012-ன் அந்த வாரங்களில் எடுத்தவர்கள், தயவுசெய்து படத்தின் பின்னால் தேதியையும் நின்ற இடத்தையும் எழுதி, ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.