நான் சொன்ன இரத்த வகையை நம்பாதீர்கள்



பிளஸ் டூ விலங்கியல் பிராக்டிகலில் விரலைக் குத்தி இரத்த வகை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நீல நிறத்தில் ஆன்டி-ஏ, மஞ்சளில் ஆன்டி-பி, நிறமே இல்லாமல் ஆன்டி-டி. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு.

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்குப் பெயர் பதியப் போன இடத்தில் இரண்டு முறை சோதித்திருக்கிறார்கள். "சார், நீங்க ஓ பாசிட்டிவ்னு சொன்னீங்க. நான் ஓ நெகட்டிவாம் சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கே தவறியிருப்பேன் என்று தெரிகிறது. அறுபது பேர், ஒரே நேரத்தில் பிராக்டிகல். ஸ்லைடை இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நான் வரிசையாக வந்து சேர்வதற்குள் மின்விசிறிக் காற்றில் சொட்டின் ஓரம் காய்ந்து, திரிதிரியாகத் தெரியும். அதைத் திரட்சி என்று நினைத்து "பாசிட்டிவ்" எழுதச் சொல்லியிருப்பேன்.

ஆன்டி-டி தேடுவது சிவப்பணுச் சவ்வில் உள்ள ஆர்எச்டி என்ற புரதத்தை. சவ்வின் ஊடாக 12 முறை போய் வரும் புரதம் அது. இருந்தால் அணுக்கள் ஒட்டித் திரளும், இல்லாவிட்டால் திரளாது. நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு அது கிடையாது.

நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கும்போது, குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலக்கலாம். அவள் உடல் அதை எதிர்த்துத் தானே ஆன்டி-டி உண்டாக்கும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பிவிடும். அடுத்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அந்த ஆன்டி-டி நஞ்சுக்கொடியைக் கடந்துபோய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். இதைத் தடுப்பதும் ஆன்டி-டிதான், ஊசியாக: கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 1968 முதல் இந்த ஊசி புழக்கத்தில் இருக்கிறது.

அவளுக்கு நேரத்தில் தெரிந்துவிட்டது. என் பேச்சை நம்பி அந்த ஊசியை விட்டிருந்தால்? இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அதைப் பார்த்து டிரைவிங் லைசென்ஸில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. நல்ல ஆய்வகத்திலோ இரத்த வங்கியிலோ ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் தள்ளிப்போடவே வேண்டாம். நான் சொன்னது தவறாக இருந்தால் தயங்காமல் இங்கே எழுதுங்கள். திருத்திக்கொள்ள வாத்தியாருக்கு வெட்கம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் சார்