ஒரு அழுத்து, ரெண்டு குண்டு

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் நடத்தப் போறதில்ல. இந்த ஊர்ல அந்தச் சண்டை நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது, நான் போன பிறகும் நடக்கும். நான் சொல்ல வந்தது ஒரு பக் பத்தி. பொட்டி தட்டறவனுக்கு பக் என்ன புதுசா? தினமும் நாலு பார்க்கறோம். ஆனா "திரும்ப வர வச்சுப் பாரு"ன்னு யாராவது சொன்னா வயித்தைக் கலக்கற பக் எனக்கு இது ஒண்ணுதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். காலேஜ்ல என்சிசி. பரேடுக்குப் போனா பூரியும் கிழங்கும் கிடைக்கும்ங்கற உயர்ந்த லட்சியத்தோட சேர்ந்தவன் நான். ஒரு கேம்ப்ல .22 ரைஃபிளைக் குடுத்து, தரையில குப்புறப் படுக்க வச்சு, அஞ்சு ரவுண்டு சுடச் சொன்னாங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெதுவா விரலை மடக்கணும். அந்த ரெண்டு செகண்ட்ல அரியர் பேப்பர், கேம்பஸ் இன்டர்வியூ எதுவுமே மண்டையில இல்ல. அஞ்சுல நாலு குண்டு ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்திருந்துச்சு. ஹவில்தார் பேப்பரைப் பார்த்துட்டு "பரவால்லயே"ன்னார். நாலு வருஷ இன்ஜினியரிங்ல என்னைப் பார்த்து ஒருத்தர் மனசாரச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்.

அப்புறம் டெக்சாஸ், டாலஸ் பக்கம், எச்-1பி. டீம்ல ஒரு உள்ளூர்க்காரர் வாரா வாரம் ரேஞ்சுக்குப் போறவர். "வாயேன்"னார். போறதுக்கு முன்னாடி சட்டத்தைப் படிச்சுப் பார்த்தேன், நல்லவேளை. நம்மள மாதிரி விசாவுல வந்தவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே இங்க ஃபெடரல் குற்றம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடறதுன்னாலும் கையில இருக்கறது இருக்கறதுதான். ஆனா விதிவிலக்கு ஒண்ணு இருக்கு: ஏதாவது ஒரு மாநிலத்தோட வேட்டை லைசென்ஸ் இருந்தா பரவால்ல. வேட்டையாடவே வேண்டாம், லைசென்ஸ் இருந்தாப் போதும்! இதை யார் யோசிச்சு எழுதினாங்களோ தெரியல. மான், வான்கோழி எல்லாம் படிச்சு ஆன்லைன்ல ஹன்டர் எஜுகேஷன் பாஸ் பண்ணி, 25 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கினேன்.

தங்கமணி லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஏங்க, பாத்ரூம்ல பல்லி இருந்தா என்னைத்தானே கூப்பிடுவீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லல.

போன வருஷம் ஜூன்ல ஒரு .22 டார்கெட் பிஸ்டல் வாங்கினேன். நானூறு டாலருக்குக் கொஞ்சம் மேல. கம்பெனி பேர் வேண்டாம். கடையில ஃபெடரல் படிவம் 4473, ஐ-94 நம்பர், வேட்டை லைசென்ஸ் எல்லாம் பார்த்துட்டு எஃப்பிஐ செக் போட்டாங்க. நம்ம பேருக்கு "டிலே" வந்துச்சு. மூணு வேலை நாள் கழிச்சுக் கையில கிடைச்சது. வீட்டுல பூட்டுப் பெட்டி, சாவி என்கிட்ட மட்டும். தங்கமணி அப்போ ஆறு மாசம். அவ போட்ட முதல் கண்டிஷன் பெட்டி, ரெண்டாவது கண்டிஷன் "எங்க அம்மாகிட்ட சொல்லக்கூடாது".

முதல் தடவை போனப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டாவது தடவை, ஜூலைல, வெளிய நாப்பது டிகிரி கொதிக்குது, உள்ள ஏசி ரேஞ்சு. மெதுவா விரலை மடக்கறேன். "டப்-டப்"னு சத்தம். பக்கத்து லேன்காரன்தான் சுட்டான்னு நினைச்சேன். பேப்பர்ல பார்த்தா கறுப்பு வட்டத்துல ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு ஜாண் மேல, பேப்பர் ஓரத்துல, இன்னொண்ணு. சரி, நம்ம விரல்தான் துள்ளியிருக்கும்னு, அடுத்ததை ரொம்பக் கவனமா, ட்ரிகரைப் பின்னாடியே பிடிச்சு வச்சுக்கிட்டுச் சுட்டேன். மறுபடி ரெண்டு.

ரேஞ்சு ஆபீசர் வந்துட்டார். அறுபது வயசு தாண்டின பெருசு, வெள்ளை மீசை. அந்த ரேஞ்சுல வேகமா அடுத்தடுத்துச் சுடக் கூடாதுன்னு ரூல், அதுக்குத்தான் திட்ட வந்தார். "நான் ஒரு தடவைதான் அமுக்கினேன் சார்"னேன். மூஞ்சி மாறிடுச்சு. குழாயை முன்னாடியே வச்சுக்க, மேகசினை எடு, ஸ்லைடைத் திற, கீழ வை, கையை எடு. ஒண்ணொண்ணா சொன்னார், நான் செஞ்சேன். அப்புறம் கொஞ்சம் தணிஞ்சு, "சன், முதல் குண்டு எங்க போகணும்னு நீ முடிவு பண்ணின. ரெண்டாவதை யாரும் முடிவு பண்ணல"ன்னார். சில .22 தோட்டா டப்பாவுல ஒண்ணரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு போட்டிருக்கும். அதை நான் அதுவரைக்கும் சிகரெட் டப்பா எச்சரிக்கை மாதிரிதான் பார்த்திருக்கேன்.

என்ன ஆகுதுன்னு கொஞ்சம் சொல்றேன், போரடிச்சா அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க. ட்ரிகரை அமுக்கினா உள்ள ஒரு குட்டி இரும்புக் கொக்கி விலகும். சியர்னு பேர். அது பிடிச்சு வச்சிருந்த சுத்தி முன்னாடி பாஞ்சு ஊசியைத் தட்டும், தோட்டா வெடிக்கும். வெடிச்ச வேகத்துல ஸ்லைடு பின்னாடி போய், காலிக் கூட்டை வெளிய எறிஞ்சு, சுத்தியை மறுபடி பின்னாடி சாய்ச்சு, திரும்பி வர்ற வழியில அடுத்த தோட்டாவை உள்ள ஏத்தும். இவ்வளவும் முடியறப்ப நம்ம விரல் இன்னும் ட்ரிகரை அமுக்கிக்கிட்டேதான் இருக்கும். அப்போ சுத்தியைத் தடுக்கறது யாரு? டிஸ்கனெக்டர்னு ஒரு சின்ன துண்டு ட்ரிகருக்கும் சியருக்கும் நடுவுல தொடர்பைத் துண்டிச்சுவிடும், சியர் பழைய இடத்துக்கு வந்து சுத்தியைக் கப்புனு பிடிக்கும். விரலை எடுத்து மறுபடி அமுக்கினாத்தான் அடுத்தது. கீபோர்டுல ஒரு கீயை ஒரு தடவை தட்டினா உள்ள காண்டாக்ட் நாலஞ்சு தடவை துள்ளும், அதை ஒண்ணா எண்ணறதுக்கு டீபவுன்ஸ் போடுவோம்ல, அந்த வேலைதான். இதுல டீபவுன்ஸ் பண்றது நகத்தளவு இரும்பு. அதோட விளிம்பு சரியா இல்லேன்னா பிடி நழுவும்.

வீட்டுக்கு வந்து காலித் துப்பாக்கியை வச்சு ஒரு டெஸ்ட் பண்ணினேன். ட்ரிகரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஸ்லைடை இழுத்து விடணும், சுத்தி நிக்கணும். பத்துல ஒன்பது தடவை நின்னுச்சு. ஒரு தடவை நிக்கல. இன்டர்மிட்டன்ட் பக். நம்ம தொழில்ல இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

அன்னிக்கு ராத்திரிதான் சட்டத்தோட இன்னொரு பக்கத்தைப் படிச்சேன். ட்ரிகரை ஒரு தடவை இயக்கினா தானா ஒண்ணுக்கு மேல சுடற ஆயுதம் எதுவா இருந்தாலும் இங்க சட்டப்படி அது மெஷின் கன். அது பண்ற வேலைதான் கணக்கு. 1986 மே 19க்குப் பிறகு செஞ்சதை சாதாரண ஆள் வச்சுக்கவே முடியாது. பதிவு செய்யாததை வச்சிருந்தா பத்து வருஷம் வரைக்கும் உள்ள. ஸ்டேப்பிள்ஸ்னு ஒருத்தர் கேஸ் 1994ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அவரோட ஏஆர்-15 அரசாங்கம் சோதிச்சப்ப ஒரே அழுத்தத்துல ஒண்ணுக்கு மேல சுட்டுச்சு. அது அப்படிச் சுடும்னே எனக்குத் தெரியாதுன்னார் அவர். அது தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசாங்கம் நிரூபிச்சாகணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. தீர்ப்பு எழுதினவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். முப்பது வருஷம் கழிச்சு 2024ல பம்ப் ஸ்டாக் கேஸ்லயும் அவர்தான் எழுதினார். அதுல ட்ரிகர் எப்படி வேலை செய்யுதுன்னு படமே போட்டிருக்கு. எனக்கு வந்த கம்பெனி மேனுவலைவிடத் தெளிவான படம், சத்தியமா!

ஆக, தெரியாத வரைக்கும் நான் நிரபராதி. சிக்கல் என்னன்னா, இப்போ எனக்குத் தெரியும். நான் வக்கீல் இல்ல. ஒரு பழுதுக்காக ராத்திரியோட ராத்திரியா யாரும் கதவைத் தட்ட மாட்டாங்கன்னும் புரியுது. ஆனா துப்பாக்கிச் சட்டத்தை மீறினதா ஒரு தண்டனை வந்தா, விசாக்காரனை நாடு கடத்த அது ஒண்ணே போதும். கிரீன் கார்டு க்யூ எங்கயோ இருக்கு, வீட்டுல ஆறு மாசப் புள்ளத்தாச்சி. தூக்கம் வரல.

மறுநாள் கடைக்குப் போனேன். சுட்டுட்ட துப்பாக்கியைத் திரும்ப எடுக்க மாட்டோம், கம்பெனிகிட்ட பேசுங்கன்னுட்டாங்க. கம்பெனிக்குப் போன் போட்டா, சாட்சாத் நம்ம எல்1 சப்போர்ட். சுத்தம் பண்ணீங்களா? எண்ணெய் போட்டீங்களா? எந்தத் தோட்டா? அப்புறம் அந்த வாக்கியம்: "வேற பிராண்ட் தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்க, மறுபடி வருதான்னு சொல்லுங்க."

மூணு வருஷமா கஸ்டமர்கிட்ட நான் சொல்ற வாக்கியம் அது. ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, வேற பிரவுசர்ல பாருங்க, மறுபடி வந்தா சொல்லுங்க. அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு அந்த "மறுபடி" எவ்வளவு செலவுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. நான் சொன்னேன்: "சார், இது மறுபடி வந்தா, ஒரு அழுத்துக்கு ரெண்டு சுடும்னு தெரிஞ்சே சுட்டவன் நான். அதை நீங்க செய்ங்க, உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு சூப்பர்வைசர் வந்தார். மேல ஒரு கேள்வி கேக்கல, ரெண்டு நாள்ல ஷிப்பிங் லேபிள் வந்துச்சு. நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, தேதி போட்டு, ஒரு காப்பி நான் வச்சுக்கிட்டு அனுப்பினேன். டிக்கெட் எழுதற பழக்கம் உருப்படியா உதவினது அன்னிக்குத்தான்.

அந்த இடைவெளியில இன்னொண்ணு நடந்துச்சு. தெரிஞ்ச தமிழ்க் குடும்பம் ஒண்ணு, பழைய தொட்டில் ஒண்ணைக் குடுத்தாங்க. மரம், பக்கவாட்டுக் கம்பி கீழ இறங்கற டைப். மாடல் நம்பரைத் தேடினா, அந்த மாதிரி இறங்கற கம்பித் தொட்டிலை 2011 ஜூன்லேர்ந்து இங்க விக்கவே கூடாதுன்னு இருக்கு. குழந்தைங்க நடுவுல மாட்டி இறந்திருக்கு. கன்ஸ்யூமர் ப்ராடக்ட் சேஃப்டி கமிஷன்னு ஒரு அரசாங்க அமைப்பு, 1972ல வந்தது, அவங்க போட்ட தடை. தொட்டில், டோஸ்டர், ஹேர் ட்ரையர் எல்லாத்தையும் திரும்பப் பெற வைக்க அவங்களால முடியும். துப்பாக்கி? அவங்க எல்லைக்குள்ள வராது, சட்டத்துலயே விலக்கி வச்சிருக்கு. காருக்கு வேற ஆபீஸ் இருக்கு. துப்பாக்கியைத் திரும்ப எடுன்னு உத்தரவு போட ஃபெடரல்ல ஒரு ஆபீசும் இல்ல, கம்பெனியே மனசு வச்சு ரீகால் பண்ணினாத்தான் உண்டு. தொட்டிலை உடைச்சுக் குப்பையில போட்டேன். என் துப்பாக்கியோட அதே லாட்ல எத்தனை சியர் வந்துச்சு, யார் யார் வீட்டுல இருக்குன்னு யாரும் கேக்கல. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துது. வாங்கும்போது என்னை அத்தனை கேள்வி கேட்டாங்க. செஞ்சவங்களை அதுல பாதி கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 31ஓட வேட்டை லைசென்ஸ் காலாவதி. துப்பாக்கி கம்பெனில, லைசென்ஸ் இல்லாத நேரம் பார்த்து வாசல்ல வந்து நின்னா? 28ஆம் தேதியே போய் அடுத்த வருஷத்துக்கு வாங்கிட்டேன். செப்டம்பர் நடுவுல, ஆணி அதிகமா இருந்த ஒரு நாள்ல, வீட்டுலேர்ந்து வேலை பார்த்துக்கிட்டே காத்திருந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரிப்பேருக்குப் போனதைக் கம்பெனி நேரா சொந்தக்காரனுக்கே அனுப்பலாம், மறுபடி 4473 வேண்டாம்.

உள்ள ஒரு சீட்டு. சியர், ஸ்பிரிங் மாத்தப்பட்டது, சுட்டுச் சோதிக்கப்பட்டது. அவ்வளவுதான். பழைய சியரை அனுப்பல. போன் போட்டு "என்ன தப்பு?"ன்னு கேட்டேன். "அளவு சரியில்ல." எந்த அளவு, எவ்வளவு? "அந்த விவரம் எங்ககிட்ட இல்ல." என் டீம்ல ஒருத்தன் பக்கை இப்படி மூடினா விடுவேனா?

மறு வாரம் ரேஞ்சு. பெருசு ஞாபகம் வச்சிருந்தார், பக்கத்துலயே வந்து நின்னார். முதல்ல ஒரே ஒரு தோட்டா. அப்புறம் மேகசின்ல ரெண்டே ரெண்டு. மூச்சைப் பாதி விட்டேன், விரலை மடக்கினேன், பின்னாடியே பிடிச்சு வச்சேன். ஒரு சத்தம். காத்திருந்தேன். விரலை மெல்ல விட்டேன், க்ளிக். மறுபடி மடக்கினேன், ஒரு சத்தம். பேப்பரை நான் பார்க்கவே இல்ல.

ஐம்பது தடவை அப்படியே பண்ணினேன், தடவைக்கு ரெண்டு. பெருசு முப்பதுலயே அடுத்த லேனுக்குப் போயிட்டார். போறப்ப, "பத்து போடற மேகசின் அது, தெரியும்ல?"ன்னார்.

வீட்டுக்கு வந்தா தங்கமணி அலமாரியில குட்டிக் குட்டிச் சட்டையா மடிச்சு வச்சுக்கிட்டிருந்தா. பூட்டுப் பெட்டியை மேல் தட்டுக்கு மாத்தியிருந்தா.

"சரியாயிடுச்சா?"

"இன்னிக்கு சரியா இருந்துச்சு."

கையை நிறுத்திட்டு ஒரு பார்வை பார்த்தா. நான் பெட்டியைப் பூட்டிட்டு சாவியை எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் மேகசின்ல ரெண்டுக்கு மேல போட்டதில்ல. ஐந்நூறு தோட்டா டப்பா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அது முடியட்டும்னு பார்க்கறேன். 140 பாக்கி.