அக்காவின் கைராசி

என் அக்கா பொங்கல் பானையில் முதல் பிடி அரிசி போடமாட்டாள். யார் வீட்டிலாவது விளக்கேற்றச் சொன்னால், "எனக்குக் கைராசி கிடையாதும்மா, வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று பின்னால் நகர்ந்துகொள்வாள். தோட்டத்தில் எல்லாரும் அதைப் பழகிக்கொண்டார்கள். நானும் பழகிக்கொண்டேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டது என்பது சென்ற பள்ளி விடுமுறையில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவும் சிங்கப்பூரில், ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் நின்றபோது!

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். 1987-இல், 18 வயதில், ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனாள். அது சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சாமான்கள் செய்யும் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம். 1982-இல் சீகேட் நிறுவனம் அங்கே ஹார்ட் டிஸ்க் செய்யத் தொடங்கியது. பின்னாலேயே பல கம்பெனிகள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் உலகிலேயே அதிகமாக ஹார்ட் டிஸ்க் செய்யும் ஊர் என்ற பெயர் சிங்கப்பூருக்குக் கிடைத்தது. நம் தோட்டப்புறங்களிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் அந்த வேலைக்குப் போனார்கள். அக்கா சேர்ந்தது வேறொரு கம்பெனி. பெயர் இங்கே தேவையில்லை. அவள் அனுப்பிய வெள்ளியில்தான் நான் படித்தேன்; ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன்.

அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டால், "ஹெட் பார்க்கிற வேலை" என்பாள். பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணை வைத்து, எள்ளைவிடச் சிறிய ஒரு கறுப்புத் துண்டைப் பார்த்துப் பார்த்துப் பெட்டிக்குள் பொருத்தவேண்டும். அது எதற்கு, என்ன செய்யும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்கிற இடமா அது!

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பையன் இப்போது சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முடித்து, 'சிங்கா' என்ற உபகாரச் சம்பளம் பெற்று அங்கே போனான். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ள அந்தச் சம்பளம், நான்கு ஆண்டுகள் வரை படிப்புக் கட்டணத்தையும் மாதச் செலவையும் பார்த்துக்கொள்கிறது. "டீச்சர், ஒரு தடவை வந்து பாருங்க, அத்தையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று பல முறை அழைத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் லார்க்கினில் 170-ஆம் எண் பஸ் ஏறினோம். குவீன் ஸ்திரீட்டில் இறங்கித் தேக்காவுக்கு நடந்தோம். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தோசை சாப்பிட்டோம். அக்காவுக்கு ஒவ்வொரு தூணும் தெரிந்தது. ஞாயிறுதோறும் தோட்டத்துப் பெண்கள் கூடி நின்ற இடம், ஊருக்குப் பணம் அனுப்பிய கடை, அழுதுகொண்டு கடிதம் படித்த படிக்கட்டு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தாள். பிறகு ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, பூன் லே போய், அங்கிருந்து பஸ்ஸில் பல்கலைக்கழகம் சேர்ந்தோம்.

அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. 1950-களில் அங்கே முதலில் எழுந்தது நன்யாங் பல்கலைக்கழகம். சீன சமூகத்தார் தங்கள் பிள்ளைகளுக்காக நிதி திரட்டிக் கட்டினார்கள். ரப்பர் முதலாளி டான் லார்க் சை பெருந்தொகை கொடுத்தார். திரிஷா மிதிப்பவர்கள் தங்கள் ஒரு நாள் சம்பாத்தியத்தைக் கொடுத்தார்கள். உழைப்பாளியின் காசும் சேர்ந்து எழுந்த இடம் என்று கேள்விப்பட்டதும், எங்கள் இருவருக்கும் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

பையன் எங்களை முதலில் ஒரு கண்ணாடிச் சுவரின் முன் நிறுத்தினான். உள்ளே மஞ்சள் விளக்கு. தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டு, கண் மட்டும் தெரிய, இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "இது நான் போட்ட சட்டைதானே தம்பி!" என்றாள் அக்கா. அதற்குள் எங்களை விடமாட்டார்களாம். ஒரு தூசி விழுந்தாலும் வேலை கெட்டுவிடும்.

பக்கத்து அறையில் ஓர் எஃகுப் பானை போன்ற இயந்திரம் இருந்தது. குழாய்களுக்கெல்லாம் வெள்ளித் தாள் சுற்றியிருந்தார்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆர்கான் என்ற வாயுவைச் சிறிது விட்டு, அதன் துகள்களை வேகமாக ஓர் உலோகத்தட்டின் மேல் மோதச் செய்கிறார்கள். உலோகம் அணு அணுவாகச் சிதறி, எதிரே உள்ள தகட்டில் படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தின் கனம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விஞ்ஞானத்துக்கு ஸ்பின்டிரானிக்ஸ் என்று பெயர். மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். எலெக்ட்ரானுக்கு மின்னேற்றத்தோடு 'சுழற்சி' என்று இன்னொரு குணமும் உண்டு என்று 1925-இல் இரண்டு இளம் டச்சு விஞ்ஞானிகள் சொன்னார்கள். "பம்பரம் மாதிரி நினைச்சுக்குங்க அத்தை. நிஜமா அப்படிச் சுத்தறதில்லை, புரியறதுக்காகச் சொல்றேன். வலப்பக்கம் சுத்துறது ஒரு ஜாதி, இடப்பக்கம் சுத்துறது இன்னொரு ஜாதி" என்றான் பையன். காந்தப் படலம் ஒன்றுக்குள் ஒரு வகை எலெக்ட்ரான் சுலபமாகப் போகும். மற்ற வகை முட்டி மோதும். இரண்டு காந்தப் படலங்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டின் திசையும் ஒன்றாக இருந்தால், ஒரு வகையாவது இரண்டையும் தாராளமாகக் கடந்துவிடும். திசைகள் எதிரெதிராக இருந்தால், இரு வகையும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும், மின்சாரம் தடைப்படும்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அக்கா சிறிது யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை தேக்கா ஐந்தடியில நடக்கிற மாதிரியா தம்பி? கூட்டம் நம்ம பக்கமே போனா நாமும் போயிடலாம். அடுத்த கடையில கூட்டம் எதிர்ல வந்தா இடிபடணும்" என்றாள். பையன் கைதட்டிவிட்டான். "அதேதான் அத்தை!"

இந்த விளைவை 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரெஞ்சுக் குழுவின் கட்டுரையில் முதல் பெயராக இருப்பது பைபிச் என்பவருடையது. பிரேசிலிலிருந்து அங்கே ஆராய்ச்சிக்குப் போயிருந்தவர். ஐ.பி.எம். நிறுவனம் இதைக்கொண்டு ஹார்ட் டிஸ்க் படிக்கும் 'ஹெட்' செய்து 1997-இல் விற்பனைக்கு விட்டது. வட்டின் மேல் உள்ள கோடானுகோடிச் சின்னஞ்சிறு காந்தங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதை, அந்த ஹெட் தன் மின்தடை கூடுவதையும் குறைவதையும் வைத்தே அறிகிறது.

"அப்ப நான் பார்த்துக்கிட்டிருந்தது இதைத்தானா?" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது.

பிறகு மெல்லச் சொன்னாள். 1999-இல் ஒரு நாள் அவள் மேசையில் ஒரு தட்டு ஹெட் முழுவதும் செத்துப்போய்விட்டன. கையில் பட்டை கட்டித்தான் இருந்தாள். அந்த வரிசைக்குத் தலைவியாக இருந்தவளும் நம் இனத்துப் பெண்தான். எல்லார் முன்னாலும், "உன் கை ராசியில்லாத கை, தொட்டதெல்லாம் விளங்காது" என்றாளாம். அந்த ஆண்டு போனஸும் குறைந்தது. எங்கள் அம்மா நோயில் விழுந்து இறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டாள் என் அக்கா. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அந்த முடிச்சோடு வாழ்ந்திருக்கிறாள். நான் அவள் காசில் டீச்சரானவள். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பையன் எங்களைக் கதவருகே அழைத்துப் போனான். அங்கே சுவரில் ஒரு சிறு பெட்டி. கைப்பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் கருவி. "குளிர்சாதன அறையில காத்துக் காய்ஞ்சிருக்கும் அத்தை. நடந்தாலே, துணி உரசினாலே உடம்பில மின்சாரம் சேரும். 3,000 வோல்ட் அளவு சேர்ந்தாத்தான் விரல்ல சுருக்குன்னு நமக்குத் தெரியும். அந்த மெல்லிசுப் படலத்தைக் கெடுக்க அதில ரொம்பச் சின்னப் பங்கே போதும். பட்டை கட்டியிருந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருந்தா பிரயோஜனமில்லை. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்லமுடியாது. ஆனா எந்தக் கையா இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்" என்றான்.

அக்கா தன் வலக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அறையில் சீனா, இந்தியா, வியட்நாம் என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சில மாதங்களுக்கு மட்டும் ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணும் இருந்தாள். ஒருவர் செய்த தகட்டை இன்னொருவர் நாட்டுக் கருவியில் அளக்கிறார்கள். 2016-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து இந்தத் துறைக்கென்றே ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்களாம். நன்யாங்கிலேயே பேராசிரியர் எஸ். என். பிரமநாயகம் என்ற தமிழர் காந்தச் சேமிப்பிலும் ஸ்பின்டிரானிக்ஸிலும் பெயர் பெற்ற ஆராய்ச்சிகள் செய்திருக்கிறார் என்று பையன் பெருமையோடு சொன்னான். மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவகம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்ப்யூட்டர் என்று அவர்களுடைய தேடல் போகிறது.

ஆனால் என் மனத்தில் தைத்தது வேறு. வாரம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து, அந்த வாரம் எது தவறிப்போனது என்று சொல்லவேண்டுமாம். "திட்டமாட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள். "ஏன் தவறுச்சுன்னு கேப்பாங்க அத்தை" என்றான் பையன். செத்துப்போன தகடு தொழிற்சாலையில் ஒருத்தியின் ராசியாயிற்று. ஆராய்ச்சிக்கூடத்தில் அது ஒரு கேள்வியாகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"ஆராய்ச்சியெல்லாம் நமக்கெதற்கு?" என்று நம் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நம்மை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த பால்மரமே அப்படி வந்ததுதானே! பிரேசிலில் எடுத்த விதை லண்டனில் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் பூங்காவுக்கு வந்தது. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சோதித்துச் சோதித்து வகுத்தார். நம் பாட்டிமார் உளியும் மங்குமாகச் செய்த வேலை அந்தச் சோதனையில் பிறந்தது. ஏன் என்று கேட்டவர் அவர், கை நம்முடையது. இனி நம் பிள்ளைகள் இரண்டையும் செய்யட்டும்.

இதை எழுதும்போது நான் யாரையும் குறை சொல்லவில்லை. "உனக்குக் கணக்கு வராது" என்று நானே எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்! அதுவும் ஒரு கைராசிப் பேச்சுத்தான். பெற்றோர்களே, பிள்ளை ஒன்றைப் போட்டு உடைத்தால் எப்படி உடைந்தது என்று கேளுங்கள். ஏன் என்று அது கேட்டால், தெரியாவிட்டால், "டீச்சரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். எனக்கும் தெரியாவிட்டால் நான் கேட்பதற்கு இப்போது ஆள் இருக்கிறது.

பள்ளி திறந்ததும் அக்காவை வகுப்புக்கு அழைத்தேன். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளிடம் நீட்டினாள். ஒன்றும் அசையவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். முன்பானால் அக்கா சீப்பைக் கீழே வைத்திருப்பாள். அன்று, "ஏன் வரலை, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். பின்வரிசைப் பெண்ணொருத்தி, "மழை பேஞ்சிருக்கு, தலை ஈரம்" என்றாள். பிளாஸ்டிக் அடிக்கோலை உலர்ந்த துணியில் தேய்த்தார்கள். துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொண்டன.

வருகிற பொங்கலுக்கு முதல் பிடி அரிசி யார் போடுவது என்ற பேச்சு வீட்டில் இன்னும் வரவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. அரிசிப் படியை அக்காவின் பக்கம் நகர்த்தி வைப்பேன்.