பின்கட்டில் ஒரு வேர்க்கடலைக் குழம்பு

கன்டோன்மென்ட் என்றால் எனக்கு மதில்தான் நினைவுக்கு வரும். பல்லாவரத்தில் வளர்ந்தவள் நான். ராணுவ நிலத்தின் ஓரமாகவே நடந்து பள்ளிக்கூடம் போய் வந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அனுமதியின்றி நுழையாதீர் என்ற பலகை, அதன் பின்னால் வேப்பமரங்கள், அதிகாலையில் எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம். பட்டாளத்துக்காரர்கள் நம்மோடு சேராதவர்கள் என்று நினைத்தே பெரியவளானேன். வெலிங்டனுக்கு வந்து தங்கு என்று சிநேகிதி கூப்பிட்டபோதுகூட மலைக் குளிருக்காகத்தான் கிளம்பினேன். அவள் கணவர் ராணுவத்தில் மேஜர். ஸ்டாஃப் காலேஜ் என்று எல்லோரும் சொல்லும் பாதுகாப்புப் பணிகள் அதிகாரிகள் கல்லூரியில் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்புக்கு வந்திருந்தார்.

பல்லாவரத்து மதில் இங்கே கண்ணில் படவில்லை. பொதுச் சாலை முகாமின் ஊடாகவே போகிறது. கோல்ஃப் மைதானத்தில் காட்டெருமைகள் நிற்கின்றன, அவற்றை யாரும் விரட்டுவதில்லை. சாலையோர மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு செங்காவியும் வெள்ளையும் பட்டை அடித்திருக்கிறது. ஒரு காகிதத் துண்டு கீழே கிடக்காது. இந்தச் சுத்தம் முதலில் எனக்கு எரிச்சலையே தந்தது. குன்னூர் பேருந்து நிலையத்தின் நெரிசலிலிருந்து கொஞ்ச தூரம்தான், அதற்குள் வேறு அரசாங்கம் நடப்பதுபோல் இருந்தது. நம் ஊர்களுக்கு வாய்க்காத குழாய்த் தண்ணீரும் குப்பை வண்டியும் இவர்களுக்கு மட்டும் எப்படி என்ற கேள்வி போகும் இடமெல்லாம் கூடவே வந்தது.

எரிச்சல் தணிந்தது ஒரு டிரங்குப் பெட்டியால். முன்னறையில் நான் உட்கார்ந்திருந்த திவானின் விரிப்பு விலகியபோது பார்த்தேன்: வரிசையாக அடுக்கிய கறுப்புப் பெட்டிகள், அவற்றின் மேல் ஒரு மெத்தை, அவ்வளவுதான் திவான். ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் பெயர், பதவி, ஊர். மாற்றல் வரும்போது பழைய ஊரின் மேல் கறுப்பு அடித்துப் புது ஊரை எழுதுகிறார்கள். கறுப்பு சரியாக மூடாத இடத்தில் ஃபெரோஸ்பூர் தெரிந்தது, அதற்கும் கீழே தேஜ்பூரின் கடைசி எழுத்து. சிநேகிதியின் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், இது அவளுக்கு நான்காவது பள்ளி. “இவளுக்குச் சொந்த ஊர் எதுன்னு கேட்டா இந்தப் பெட்டியத்தான் காட்டுவா” என்றாள் சிநேகிதி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

அப்படியானால் இந்த ஊர் யாருடையது? அந்தக் கேள்விதான் என்னை வெலிங்டனின் பழைய கதைக்குள் இழுத்தது. இங்கே பாசறை கட்ட ஆரம்பித்தது 1850களில். அப்போது இந்த இடத்துக்குப் பெயர் ஜக்கதலா, பக்கத்துப் படுகர் ஊரின் பெயர். அதை எடுத்துவிட்டு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பிரபுவாகுமுன் அவர் ஆர்தர் வெல்லஸ்லி. 1803-ல் அஸ்ஸாயேயில் மராத்தியரோடு நடந்த போரில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குக் கீழே நின்றவர்களில் பெரும்பகுதி நம் மெட்ராஸ் சிப்பாய்கள். அந்தப் போருக்காகக் கௌரவமாகக் கிடைத்த யானை உருவம்தான் இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் நிற்கிறது. செத்த சிப்பாய்களுக்கு ஒரு யானை, தளபதிக்கு ஒரு மலையூர். ஜக்கதலா காணாமல் போய்விடவில்லை, கூப்பிடு தூரத்தில் ஜெகதளா என்று ஒரு பேரூராட்சியாக இருக்கிறது. வெலிங்டனைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பட்டாளமும் வந்து குடியேறியதுதான். 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட், இந்தியக் காலாட்படையில் மூத்தது. அதன் பயிற்சி மையம் கோவைக்குப் பக்கத்து மதுக்கரையிலிருந்து 1947-ல் இங்கே வந்தது. ஸ்டாஃப் காலேஜ் வந்ததும் அதே வருடம்தான். அதுவரை அது இருந்த குவெட்டா, பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது.

ஊர் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சிநேகிதி வீட்டின் பின்கட்டில் கிடைத்தது. ராணுவ அதிகாரிகளின் வீடுகள் பலவற்றின் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு சிறு வீடு உண்டு. எஸ்.க்யூ. என்பார்கள், சர்வென்ட்ஸ் குவார்ட்டர்ஸ். உள்ளூர்க் குடும்பம் ஒன்று அதில் குடியிருக்கும். முன்வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கி, துணி துவைத்துக் கொடுக்க வேண்டும். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். இங்கே இருந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். சிநேகிதியை மேம்சாப் என்பவர், என்னை முதலில் மேடம் என்றும், ஊர் பல்லாவரம் என்று தெரிந்த பிறகு வாம்மா போம்மா என்றும் பேசினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பின்கட்டுதான். முன்வீட்டில் வருடத்துக்கு ஒரு குடும்பம் வந்து போயிருக்கிறது.

அன்று சிநேகிதிக்கு அதிகாரிகளின் மனைவிமார் கூடும் மதிய விருந்து. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா பின்வாசலில் நின்று, “நம்ம வீட்டுல சாப்பிடும்மா, கோழி வாங்கியிருக்கேன்” என்றார்.

அலமாரியில் ஆந்தை படம் போட்ட பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஆந்தை ஸ்டாஃப் காலேஜின் சின்னம். படித்துப் போகிற குடும்பங்கள் நினைவாகக் கொடுத்தவை. நம் வீடுகளில் ஆந்தை கத்தினாலே முகம் சுளிப்போம். அக்காவின் மாமியார் உயிரோடு இருந்தவரை அந்தக் கோப்பைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாராம். “காத்தால எந்திரிச்சதும் அது மூஞ்சில முழிக்கணுமான்னு கேப்பாங்க. இப்ப எனக்கு அது முகத்தப் பாத்தாத்தான் டீ எறங்குது.”

அடுப்பில் இருந்ததை நான் சாதாரணக் கோழிக்குழம்பு என்றுதான் நினைத்தேன். அக்கா வேர்க்கடலையை மணல் நிறம் வரும்வரை வறுத்து, தோலைப் புடைத்து எடுத்து, தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அரைத்தார். அதன் எண்ணெயிலேயே அது விழுதாகும்வரை நிறுத்தவில்லை. வெங்காயமும் தக்காளியும் வதங்கிய சட்டியில் கோழி பாதி வெந்தபோது விழுதைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, மூடாமல் கிளறிக்கொண்டே இருந்தார். மல்லித்தூள் இல்லை, தேங்காய் இல்லை, தாளிப்பு இல்லை. பச்சை மிளகாய் மட்டும் கை நிறைய. “எண்ணெய் மேல பிரிஞ்சு நிக்கணும். அதுக்கு முன்னாடி எறக்கினா கடலக்கா பச்ச வாட அடிக்கும்.”

ராகிக் களி உருண்டையோடு தட்டில் வைத்தார். முதல் வாயில் திகைத்துவிட்டேன். கெட்டியான, லேசாக இனிக்கிற, பிறகு நின்று எரிக்கிற காரம். எனக்குத் தெரிந்த எந்த ஊர்ச் சமையலும் இல்லை. நைஜீரியாக்காரி சொல்லிக் கொடுத்தது என்றார் அக்கா. முன்வீட்டில் ஒரு வருடம் நைஜீரிய அதிகாரியின் குடும்பம் இருந்திருக்கிறது. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தம்மா மாவைக் கிண்டி உருண்டை பிடித்துக் குழம்பில் தொட்டு விழுங்குவதை அக்கா பார்த்திருக்கிறார். “இது எங்க களிதானேன்னு நெனச்சேன். மறுநாள் நான் களி கிண்டி எடுத்துட்டுப் போனேன். அந்தம்மா என்னக் கட்டிப் புடிச்சுக்கிச்சு.”

நட்பு நாடுகளின் அதிகாரிகள் வருடந்தோறும் இங்கே படிக்க வருகிறார்கள். நைஜீரியாவின் அதிபராக இருந்த முகம்மது புகாரியும் 1973-ல் இங்கே படித்தவர்தான். அந்தப் படிப்பின் பயன் என்னவென்று பாதுகாப்பு அறிஞர்கள் நிறையச் சொல்வார்கள். எனக்கு அது இந்தச் சட்டியில் கண்ணுக்குத் தெரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் அண்ணன் மகன் வந்தான். பத்தொன்பது வயதிருக்கும். காட்டேரிப் பக்கத்து ஊர். வேர்த்து விறுவிறுத்து நின்றான், மலைச்சாலையில் ஓடிப் பழகிவிட்டு வருகிறான். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். அக்னிவீர் வேலைக்கு எழுதப் போகிறான்.

எப்போதிலிருந்து இந்த ஆசை என்று கேட்டேன். ஹெலிகாப்டர் விழுந்ததிலிருந்து என்றான். 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து ஸ்டாஃப் காலேஜில் உரையாற்ற வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் காட்டேரிக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. பதினான்கு பேரில் ஒருவர் மட்டும், இந்தக் கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்த குரூப் கேப்டன் வருண் சிங், அன்று உயிர் தப்பினார், ஒரு வாரம் கழித்து அவரும் இறந்தார். முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்புக்காரர்கள். குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல வீட்டிலிருந்த கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு ராணுவ அதிகாரிகள் அந்த ஊருக்கு வந்து கைகூப்பி நன்றி சொன்னார்கள். “எங்க ஆளுங்களப் பாத்து பட்டாளத்துக்காரங்க கும்பிட்டது அன்னிக்குத்தாங்க்கா” என்றான் பையன். அவன் குரல் கம்மியது.

அக்காவுக்கு அக்னிவீர் வேலை பிடிக்கவில்லை. என் முன்னாலேயே சண்டை மூண்டது.

“நாலே வருஷம்டா. அப்புறம் நூத்துக்கு இருவத்தஞ்சு பேரத்தான் வெச்சுக்குவாங்க. மிச்சப் பேரு வீட்டுக்கு. பென்ஷனும் கெடையாது.”

“பதினோரு லட்சத்துக்கு மேல கையில வரும் அத்தை.”

“வரும். உங்கப்பன் கடனுக்கே சரியாப் போகும். அப்புறம் டாக்ஸி ஓட்டுவியா? ஓட்டறதுன்னா இப்பவே ஓட்டு.”

“ஏன், இருவத்தஞ்சு பேர்ல நான் இருக்க மாட்டேனா?”

“இந்த வீட்டுல வந்துட்டுப் போனவங்க எத்தன பேரப் பாத்திருக்கேன். நெலையா இருக்கிற வேலயாப் பாருடா.”

பையன் தட்டைக் கீழே வைத்தான். “நீ மட்டும் என்ன நெலையா இருக்க? இந்த வீடு உம் பேர்லயா இருக்கு? நாளைக்கு வர்ற மேம்சாப் வேண்டாம்னா நீயும்தான் பெட்டி கட்டணும்.”

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பிறகு அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னார்: “எம் பேர்ல இல்லதான். ஆனா மழ பேஞ்சா இந்த பங்களா எங்க ஒழுகும்னு எனக்குத்தான் தெரியும். எந்தச் செவுத்துல ஆணி அடிச்சா கரன்ட் போகும்னு எனக்குத்தான் தெரியும். வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித் தர்றேன். சாப்புடு.”

அவன் சாப்பிட்டான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அக்காவும் விடவில்லை. இதில் நான் பையன் பக்கமும் இல்லை, அக்கா பக்கமும் முழுதாக இல்லை. கும்பிட்ட கைகளைப் பார்த்துப் பட்டாளத்துக்குப் போகத் துடிக்கிறவனிடம் நான்கு வருடக் கணக்கைச் சொல்லித் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பெல்லாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்த ஒரு சிப்பாய் பதினைந்து, பதினேழு வருடம் பணி செய்து பென்ஷனோடு ஊர் திரும்புவான். அந்த பென்ஷன் நம்பிக்கையில் பெண் கொடுத்த ஊர்கள் தென் மாவட்டங்களிலும் கேரளத்திலும் நிறைய. அதிகாரிகள்தான் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். 2022-க்குப் பிறகு, சேரும் சிப்பாயின் வேலையே தவணைக் கணக்காகிவிட்டது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக வருகிறவனை இவ்வளவு சிக்கனமாக நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுநாள் காலை சாலையில் புதுப் படைவீரர்கள் வரிசையாக ஓடிப் போனார்கள். இந்த ரெஜிமென்ட்டில் சிப்பாய்க்குச் செல்லப்பெயர் தம்பி. வடக்கத்தி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்ற முழக்கம் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. பல்லாவரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட விசில் சத்தத்துக்கு இப்போது முகங்கள் கிடைத்தன, எல்லாம் இருபதைத் தொடாத முகங்கள்.

இந்த முகாம்களும் நிலையானவை அல்ல. நாட்டிலிருந்த 62 கன்டோன்மென்ட்களில் இமாசலத்தின் யோல் 2023 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. மற்றவற்றிலும் பொதுமக்கள் வாழும் பகுதிகளைப் பிரித்துப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு நடக்கிறது. கடைத்தெருக்காரர்கள் வரி பற்றியும் மாடி கட்டும் அனுமதி பற்றியும் பேசுவார்கள், பேசட்டும். பின்கட்டில் இருப்பவர் கடைத்தெருவிலும் சேர்த்தியில்லை, பட்டாளத்திலும் சேர்த்தியில்லை. வெலிங்டனின் எல்லைக்கோட்டை எந்த நாளில் யார் திருத்தி வரைந்தாலும், இந்தக் குடும்பங்களை முதலில் கணக்கெடுக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அந்த வீடுகளைக் காத்தவருக்குக் கை ஓய்ந்த பிறகு அதே மலையில் தன் பெயரில் ஒரு வீடு கிடைக்க வேண்டும். அது சலுகை அல்ல, பாக்கி.